ஆறு வருஷம், இரண்டு இருக்கை, ஒரு பெட்ரோல் நெடி

முதலில் சந்தேகப்பட்டது சமையலறையைத்தான். 2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாசலில் விளக்கு வைக்கப் போன அம்மா தீப்பெட்டியோடு அப்படியே திரும்பி வந்தார். "கண்ணு, கேஸ் வாடையாட்ட என்னமோ அடிக்குது, போய்ப் பாரு" என்றார். ரெகுலேட்டரை மூடினேன், ட்யூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. சமையல் கேஸில் கசிவு தெரிய வேண்டும் என்றே கலக்கிற மெர்காப்டன் அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். இது வேறு. பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது மூக்கில் ஏறுமே, அந்தக் கூரான நெடி. வாசலை ஒட்டிக் கார் ஷெட். ஷெட்டுக்குள் என் வண்டி.

வண்டி ஐரோப்பியத் தயாரிப்பு, 2009 மாடல், இரண்டே இருக்கை, மடங்கும் கூரை. 2019-ல் 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினேன். இப்போது 73,000. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பதினைந்து வயது தாண்டிய ரப்பர் யார் செய்த வண்டியிலும் இதைத்தான் செய்யும். மற்றபடி இந்த ஆறு வருஷத்தில் என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, விடிவதற்குள் கிளம்பினால் கூரையைத் திறந்துபோட்டுப் போகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இதை வைத்திருக்கலாம். கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன். ஆனால் வடவள்ளி பக்கத்து வேகத்தடைகளில் அடி தட்டாமல் வீடு வந்த நாள் குறைவு. டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி வைத்தால் வேறொன்றும் வைக்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். நெடி மட்டும்தான் கணக்கில் இல்லாதது.

அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கியது வண்டி இல்லை, ஷெட். மூன்று பக்கம் சுவர். ஒரு சுவரில் போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே 'டக்'கென்று ஒரு பொறி. இன்னொரு மூலையில், தரையிலேயே, இன்வெர்ட்டரும் பேட்டரியும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு படர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். பூஜ்ஜியத்துக்கு நாற்பது டிகிரி கீழேயும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகிற சரக்கு அது. காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே போதும். அம்மா விளக்கு வைக்கிற படியும் தரையோடுதான் இருக்கிறது.

மூக்கு இந்த அளவுக்கெல்லாம் வெகு முன்னாலேயே சொல்லிவிடும் என்பது உண்மைதான். நெடி வந்த உடனே வெடித்துவிடாது. ஆனால் ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றால் மூக்கு பழகி, ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிடும். அதனால் லைட் சுவிட்சைத் தொடவில்லை, வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. நியூட்ரலில் போட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தள்ளி ரோட்டோரம் விட்டோம். ஒரு மணி நேரம் கழித்து விளக்கு வைத்தோம். அடுத்த நாளே இன்வெர்ட்டரை மாடிப்படிக்குக் கீழே மாற்றினேன். ஸ்டார்ட்டர் பெட்டியை வெளிச்சுவருக்கு மாற்ற எலக்ட்ரீஷியன் ஒரு வாரம் இழுத்தடித்தார். இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று வாங்கி ஷெட்டுக்கு உள்ளே இல்லாமல் வெளியே மாட்டினேன். தீ உள்ளே இருக்கும்போது அதற்குள் போய் எடுக்க முடியாதே.

அப்புறம் ஆரம்பித்தது தேடல். மூன்று மாதம்.

முதலில் பார்த்த மெக்கானிக், பெட்ரோல் மூடியின் ரப்பர் போயிருக்கும் என்றார். மூடியை மாற்றினேன். நெடி போகவில்லை. இரண்டாமவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களை, ஓ-ரிங் என்பார்களே, அவற்றைக் கைகாட்டினார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது, அங்கே மூன்று, நான்கு பார் அழுத்தம் உண்டு. ஆனால் அங்கே கசிந்தால் எஞ்சின் சூடாக இருக்கும்போதோ, விடிகாலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டிலோ தெரிய வேண்டும். எனக்கு அந்த இரண்டு நேரத்திலும் வரவில்லை. மூன்றாமவர்தான் அருமை. "டேங்க் ஃபுல் பண்ணாதீங்கண்ணா, அவ்வளவுதான்" என்றார். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் மூன்று பேரில் அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது.

ஃபுல் டேங்க் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று தெரியும். நாசில் 'டக்'கென்று தானாக நிற்கும். உடனே பையன், "ரவுண்ட் பண்ணிடட்டுங்களா?" என்பான். நாமும் தலையாட்டுவோம். 3,847 ரூபாயை 3,900 ஆக்குவதற்காகப் போகிற அந்த அரை லிட்டருக்கு டேங்கில் இடமில்லை. ஆவியைப் பிடித்து வைக்க ஒரு டப்பாவில் கரி நிரப்பி வைத்திருப்பார்கள், கேனிஸ்டர் என்பார்கள். அந்தக் கரி ஆவிக்கு மட்டும்தான், திரவத்துக்கு இல்லை. ரவுண்ட் பண்ணிய பெட்ரோல் அதற்குள் இறங்கினால் ஊறிப்போய், நாள்கணக்கில் நெடியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு வெயில். பங்க்கில் பெட்ரோல் பூமிக்கடியில் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கிறது. 55 லிட்டர் நிரப்பி மத்தியான ஷெட்டில் விட்டு 12 டிகிரி ஏறினால் அரை லிட்டருக்கும் மேலே விரியும். அது எங்கேயாவது போயாக வேண்டும்.

ரவுண்ட் பண்ணுவதை நிறுத்தினேன். நெடி பாதியானது. போகவில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய டைரியை எடுத்தேன். எங்கே நெடி அடிக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, எப்போது அடிக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். டேங்க் எவ்வளவு, கடைசியாக எப்போது ஓட்டியது, கூரை திறந்ததா மூடியதா, எந்தப் பக்கமாக நிறுத்தியது. நான்கு வாரத்தில் பக்கங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. முக்கால் டேங்குக்குக் கீழே ஒரு நாள்கூட நெடி இல்லை. என் ஷெட் தரை உள்ளே போகப் போக மேடு. முன்பக்கமாக விட்டால் வண்டியின் மூக்கு உயர்ந்து நிற்கும். அப்படி விட்ட நாளெல்லாம் நெடி. ரிவர்ஸில் விட்ட நாளில் லேசாகவோ, இல்லாமலோ. அப்போதுதான் வால்பாறை ஏற்றத்தில் ஒருமுறை கூரையை மூடியதும் உள்ளே வாடை வந்ததும், அதை முன்னால் போன லாரியின் தலையில் போட்டதும் ஞாபகம் வந்தது. அதுவும் ஃபுல் டேங்க், அதுவும் மூக்கு மேலே. கூரை திறந்திருக்கும்போது காற்றோடு போய்விடுவதால் எத்தனை நாள் தெரியாமல் ஓட்டினேனோ.

ஆக, டேங்கின் மேல்பக்கம், பின்புறமாக ஏதோ ஒன்று. பெட்ரோல் அந்த உயரத்தைத் தொட்டால் கசிகிறது, தொடாவிட்டால் இல்லை. அப்படி அங்கே மூன்று, நான்கு இடம் உண்டு. எது?

இணையத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு கேஸ் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். சானிடைசருக்குக் கத்தியது, அம்மாவின் தைலத்துக்குக் கத்தியது, வண்டியைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கத்தியது. யாரும் வாங்க வேண்டாம்.

வேலை செய்தது பழைய வேட்டி. கிழித்து ஐந்து துண்டாக்கி, டேங்கை நிரப்பி, வண்டியை வெளியே சந்து ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்கிற மாதிரி நிறுத்தினேன். பெட்ரோல் ஊற்றுகிற குழாய் டேங்கில் சேரும் இடம், கேனிஸ்டர், அடியில் ஃபில்டர் இணைப்பு, எஞ்சின் மேல் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகிற ரெயில் குழாயின் இணைப்பு, சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரிகிற, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் மூடி என ஐந்து இடத்திலும் துண்டைச் சுற்றிக் கட்டினேன். ராத்திரி முழுக்க அப்படியே. காலையில் அவிழ்த்து ஒவ்வொன்றையும் ஓர் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினேன். அடியில் நம்பர் ஒட்டி, வரிசையை மாற்றி, திண்ணையில் அம்மா முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் கொதிக்கிற ரசத்தை ருசி பார்க்காமலே உப்பு குறைவு என்று சொல்கிற மூக்கு அவருடையதுதான்.

ஒவ்வொன்றாகத் திறந்தார். "இதுல ஒண்ணுமில்ல." மூடினார். "இது கிரீஸ் வாடை." மூடினார். மூன்றாவதை முகத்துக்குக் கொண்டுபோகும் முன்பே கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "அய்யோ, இதுதாண்டா." அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து. பம்ப் மூடி. இன்னொன்றிலும் லேசாக இருக்கிறது என்றார், அது கேனிஸ்டர்.

ஷோரூமில் கேட்டேன். பம்ப்பை முழு செட்டாகத்தான் மாற்றுவோம், 74,000 ரூபாய், ஆறு வாரம் என்றார்கள். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வளையம், அதாவது சீல், மட்டும் தனியாக வெளியில் 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது. இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்குத் தாங்குகிற ஃப்ளூரோ ரப்பர், நம் கடைக்காரர்கள் வைட்டான் என்று சொல்வது.

டேங்க் கால்வாசிக்கு இறங்கும்வரை ஓட்டினேன். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கினேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். எல்லாம் திறந்த வெளியில், காலை ஏழு மணிக்கு, செல்போன் வீட்டுக்குள். பம்ப்பைப் பிடித்திருக்கிற பெரிய வளையத்தைச் சுத்தியலால் தட்டித்தான் திருப்ப வேண்டும். இரும்பில் இரும்பு பட்டால் பொறி வரும், அதனால் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினேன். கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பர் கடைந்து கொடுத்தது. இரண்டாவது மெக்கானிக்கும் கூட இருந்தார். தனியாக இந்த வேலையைச் செய்திருக்க மாட்டேன்.

மூடியைத் துடைக்கும் முன் டார்ச்சை வெகு தூரத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் பதினைந்து வருஷத் தூசி, பின்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தூசியே இல்லாமல் கழுவிவிட்ட மாதிரி ஒரு தடம். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. பெட்ரோல் வந்து வந்து காய்ந்த கரை அது. சீலை வெளியே எடுத்ததும் ஊதிப்போய் நீண்டுகொண்டது, பள்ளத்துக்குள் திரும்ப வைக்கவே முடியாது. பழையதைப் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்துப் பிரிக்கிறவர்கள் கவனிக்கவும். இரண்டு நாளில் காய்ந்து சுருங்கிவிட்டது. உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் தட்டையாக, நகத்தால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. காந்திபுரத்தில் பம்ப்செட்டுகளுக்கு சீல் விற்கிற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வளைத்துப் பார்த்தார், முறிந்தது. "இது ரப்பர் இல்லீங் தம்பி, அப்பளம்."

எல்லோரும் அடுத்துக் கேட்பது எத்தனால்தானா என்று. நாட்டில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு 2022-ல் எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 பங்க்குக்கு வந்தது, இப்போது அநேகமாக எங்கே போட்டாலும் அதுதான். 2009-ல் இந்த வண்டியைச் செய்தவர்கள் 20 சதவீதத்தை நினைத்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பரை எத்தனால் ஊதவைக்கும், காய்ந்தால் சுருங்கவைக்கும். ஆனாலும் பழி முழுவதையும் அதன் மேல் போட எனக்கு மனசில்லை. 2020-ல் ஊரடங்கில் கால் டேங்க்கோடு ஐந்து மாதம் இந்த வண்டியை நிறுத்தி வைத்தவன் நான். மேலே இருந்த சீல் அப்போதே காய்ந்திருக்கும். பம்ப்பைத் திறந்த கையோடு, பக்கத்தில் போன ஒரு முழ ஆவி ஹோஸையும் மாற்றினேன், வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. வாங்கும்போது மேலே பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறி, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9), அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மீட்டர் கணக்கில் கிடைக்கும் கறுப்பு ட்யூப் எல்லாம் பெட்ரோல் ஹோஸ் இல்லை.

ஜூலையில் முடித்தது. ஆறு மாதமாகிறது. ஃபுல் டேங்க் போட்டு, மூக்கு மேலே விட்டு, ஷட்டரை இறக்கி வைத்தும் பார்த்தாகிவிட்டது, இல்லை. முதல் மூன்று வாரம் மட்டும் லேசாக வந்துகொண்டிருந்தது, அது கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்ச். மொட்டை மாடியில் நான்கு நாள் காயப்போட்டேன். பக்கத்திலேயே வடகம் காய்ந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை, அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன். கேனிஸ்டர் இன்னும் பழையதுதான். கரி மெல்ல உலர்கிறது போல, இந்த மழைக்காலத்தில் ஒருநாளும் தெரியவில்லை. பங்க்கில் பையன் கேட்கும் முன்பே "ரவுண்ட் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன்.

சம்படங்கள் ஐந்தையும் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா ஒன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு, "நீயே உன் திருப்புளிகளைப் போட்டு வச்சுக்கோ" என்று ஷெட்டுக்கே அனுப்பிவிட்டார்.