நோட்லர் காட்சியகத்தின் கடிதக் கட்டுகள்: கெட்டி ஆய்வு நிறுவனத்தின் சேவை குறித்து

நியூயார்க்கின் எம். நோட்லர் என்ற ஓவிய வணிக நிறுவனம் 1971 வரை சேர்த்து வைத்திருந்த கடிதங்கள், பேரேடுகள், தந்திகள், புகைப்படங்கள் ஆகியவற்றை லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி ஆய்வு நிறுவனம் 2012இல் வாங்கியது. அவற்றில் ஒரு பகுதியை இன்று யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். ஓவியங்களின் கைமாறல் வரலாற்றைத் தேடுவோருக்கு இது பெருங்கொடை. ஆயினும், பேரேடுகளுக்குக் காட்டப்பட்டிருக்கும் அக்கறை கடிதங்களுக்கு இன்னும் காட்டப்படவில்லை.

பாரிஸின் கூபில் என்ற ஓவிய வணிக நிறுவனம் 1846இல் நியூயார்க்கில் தொடங்கிய கிளையை, அதை நடத்திவந்த மைக்கேல் நோட்லர் 1857இல் தாமே வாங்கிக்கொண்டார். பிறகு பாரிஸிலும் லண்டனிலும் கிளைகள் ஏற்பட்டன. 1897இல் பிட்ஸ்பர்க்கிலும் ஒரு கிளை திறக்கப்பட்டது. எஃகாலும் நிலக்கரியாலும் வங்கியாலும் பெருஞ்செல்வம் சேர்த்த ஹென்றி கிளே ஃபிரிக், ஆண்ட்ரூ மெலன் போன்றோர் அவ்வூரைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். அமெரிக்க அருங்காட்சியகங்களில் இன்று தொங்கும் ஐரோப்பிய ஓவியங்களில் பல இந்தக் கடையின் வழியாகவே கடல் கடந்தன.

சேவையின் மிகச் சிறந்த பகுதி இருப்புப் பேரேடுகள்தான். 1872 முதல் 1970 வரையிலான 11 ஓவியப் பேரேடுகளின் பக்கங்கள் முழுமையாகப் படமெடுக்கப்பட்டுள்ளன. அவற்றிலுள்ள 40,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஓவியர், விற்றவர், வாங்கியவர், ஆண்டு என எப்படி வேண்டுமானாலும் தேடலாம். ஆய்வாளர்கள் முழுத் தரவையும் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். ஓர் ஓவியத்தை இன்னொரு வணிகருடன் கூட்டாக வாங்கியிருந்தால் அந்தப் பங்கும் பதிவாகியிருக்கும். வாங்கிய விலை மட்டும் பல இடங்களில் எழுத்துக் குறியீடாக இருக்கும். கடைக்கு வரும் வாடிக்கையாளரின் கண்ணில் பட்டாலும் புரியக்கூடாது என்பதற்காக அக்கால வணிகர்கள் கையாண்ட முறை அது.

கடிதங்களின் நிலை வேறு. தட்டச்சு பரவுவதற்கு முன், அனுப்பும் கடிதத்தைத் தனி மையால் எழுதி, ஈரப்படுத்திய மெல்லிய தாளுடன் சேர்த்து இரும்பு அழுத்தியில் வைத்துப் படியெடுத்தார்கள். எழுத்து தாளின் பின்புறத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும். தாள் மெல்லியது என்பதால் முன்புறமிருந்து பார்த்துச் சரியாகப் படிக்க முடியும். நூறாண்டுகளுக்கு மேல் ஆன இந்தப் படிகளில் மை சில இடங்களில் பரவியும் சில இடங்களில் மங்கியும் போயிருப்பதால், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு பக்கத்தைக் கடக்க நேரமாகிறது. இவற்றுக்குச் சொல் வாரியான தேடல் கிடையாது. காப்பகப் பட்டியல் கோப்புறை அளவில் நின்றுவிடுகிறது என்பதால், யார் யாருக்கு எந்த ஆண்டில் எழுதினார் என்ற ஊகத்துடன் உள்ளே நுழைபவருக்கே கடிதம் அகப்படும். கையெழுத்தைக் கணினியே படித்துத் தரும் மென்பொருள்கள் வளர்ந்துவிட்ட இக்காலத்தில், இந்தக் குறையைக் களைவது கெட்டி போன்ற வசதியான நிறுவனத்துக்கு எட்டாததன்று.

இவ்வளவு சிரமப்பட்டும் கடிதங்களை ஏன் படிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். பேரேடு விலையைச் சொல்லும், ஆனால் அந்த விலைக்கு வாங்குபவரை எப்படி இணங்க வைத்தார்கள் என்பதைச் சொல்லாது. அது கடிதத்தில்தான் இருக்கிறது. அதேபோல, கடிதத்தை மட்டும் படித்தால் வணிகரின் புகழுரையை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிடுவோம். வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தையும் அதே ஓவியத்தின் பேரேட்டு வரியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், எது அறிவுரை, எது விற்பனைப் பேச்சு என்பது தெளியத் தொடங்கும். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் காப்பாற்றி வைத்திருப்பதே இத்தொகுப்பின் தனிப் பெருமை.

இதற்குத் தக்க சான்று ஹெர்மிட்டாஜ் விற்பனை. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட சோவியத் அரசு, லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை மறைவாக விற்றபோது, பெர்லினின் மத்தீசன், லண்டனின் கோல்நாகி ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து நோட்லர் 1930, 1931 ஆண்டுகளில் 21 ஓவியங்களை மெலனுக்கு வாங்கித் தந்தது. மெலன் அப்போது அமெரிக்காவின் நிதித்துறைச் செயலர். ரஃபேல் வரைந்த ஆல்பா மடோனா என்ற ஓவியத்துக்கு மட்டும் 11,66,400 டாலர் தரப்பட்டது. பொதுமக்கள் அறியாமல் நடந்த இந்த வணிகம், 1935இல் மெலன் மீதான வரி வழக்கு விசாரணையின்போது வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அவ்வோவியங்கள் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அரசுகளும் அமைச்சர்களும் வெளியே சொல்லாததை வணிகரின் கோப்புகள் காப்பாற்றி வைத்தன என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

நோட்லர் 2011இல் மூடப்பட்டது. அமெரிக்க நவீன ஓவியர்களின் பெயரால் நியூயார்க்கில் புதிதாக வரையப்பட்ட போலிகளைப் பல ஆண்டுகள் அது விற்றிருந்தது தெரியவந்தது. அவர்களில் ஒருவரான மார்க் ரோத்கோவின் ஓவியம் என்று நம்பி 83 லட்சம் டாலர் கொடுத்தவர்கள் தொடுத்த வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது. அந்த ஓவியங்களுக்கு முன் உரிமையாளர் பெயரோ பழைய கடிதமோ பேரேட்டு வரியோ இல்லை. ஒன்றேகால் நூற்றாண்டு எல்லாவற்றையும் எழுதி வைத்த ஒரு கடை இந்த வெறுமையைக் கண்டும் நின்று கேட்கவில்லை என்பதை நினைக்க மனம் வருந்துகிறது. இத்தொகுப்பு 1971இலேயே முடிவதால் அந்தப் போலிகள் பற்றிய தாள்கள் இங்கே கிடைக்கா.

புதிதாக வருபவர்கள் தேடலை நேரடியாகக் கெட்டியில் தொடங்க வேண்டாம். தேசியக் கலைக்கூடத்தின் தளத்தில் ஓர் ஓவியத்தின் கைமாறல் குறிப்பைப் படித்து, நோட்லர் பெயர் வரும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, பேரேட்டில் அந்த வரியைக் கண்டுபிடித்த பிறகு, விற்றவர், வாங்கியவர் பெயர்களோடு கடிதக் கட்டுக்குச் செல்லுங்கள். இடைமுகம் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. படங்கள் கனமானவை என்பதால் கைப்பேசியை விடக் கணினியே ஏற்றது. இணையத்தில் ஏற்றப்படாத கோப்புறைகளைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் வாசிப்பறைக்கே செல்ல வேண்டும். அதற்கு முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது.