பிரேக் பெடலும் செவ்வாய்க்கிழமை விசாரணையும்

கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்ட மேஜையில் மாட்டும் ஸ்டீயரிங், அதாவது சிம் ரேசிங் வீல் ஒன்றின் விலை மறுபடி இறங்கியிருக்கிறது. அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "வாங்கலாமாடா? நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே" என்று ஒரு நண்பன் கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. போன வாரம்தான் பிரேக் பெடலை மறுபடி கழற்றி மாட்டினேன். நேற்று இரவு ஒரு பந்தயம் நாசமாகப் போனது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடையில் போய் "முதல் தடவை வாங்குறேன், ஏதாவது ஒண்ணு காட்டுங்க" என்றால் எடுத்து வைப்பார்களே, அந்த ரகம். உள்ளே பல்சக்கரம், 900 டிகிரி, அதாவது முழுசாக இரண்டரை சுற்று, கீழே மூன்று பெடல். மிச்சமெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும்.

வீலைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. கடகடவென்று சத்தம் போடும். கார் தடத்தின் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறினால் பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்கும் தெரியும். பல்சக்கரமே இல்லாமல் மோட்டாரில் நேராக மாட்டிய டைரக்ட் டிரைவ் வீல் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மேஜையில் இறுக்கி மாட்டினால் இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. இருக்கும் எரிச்சலெல்லாம் கீழே, காலடியில்.

முதலில் மொசைக் தரையில் பெடல் வழுக்கும். சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்தால் அது நிற்கும், ஆனால் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் போய்விடும். சமையலறை மரநாற்காலிக்கு மாறினேன். சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

சமாளிக்க முடியாதது பிரேக் பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே சாமான். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். தூசி சேர்ந்தாலோ உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்தாலோ பொய் சொல்ல ஆரம்பிக்கும். காலை எடுத்த பிறகும் திரையில் பிரேக் மூன்று நான்கு சதவீதம் என்று நிற்கும். பிரேக் சூடாகும், நேர்பாதையில் வேகம் குறையும், காரணம் தெரியாமல் நாம் டயர் காற்றழுத்தத்தை மாற்றிக்கொண்டிருப்போம். விலை கூடிய பெடல்களில் லோட் செல் இருக்கும், அது தூரத்தைப் பார்க்காது, அழுத்தத்தை அளக்கும். திருப்பத்துக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் இந்த விளையாட்டில் வேகத்தின் ரகசியமே. நம் கால் நினைவில் வைத்துக்கொள்வது அழுத்தத்தைத்தான், தூரத்தை அல்ல. எந்தப் பெடல் அதற்கு மிக முக்கியமோ அதற்குள் மிக மலிவான சாமானை வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

இவ்வளவு திட்டுகிறவன் ஏன் விற்காமல் வைத்திருக்கிறான் என்றால், லீகுக்காக, அதாவது தெரிந்தவர்கள் சேர்ந்து ஆன்லைனில் நடத்தும் எங்கள் பந்தயத் தொடருக்காக.

நாங்கள் ஓட்டுவது அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனே என்ற ஆட்டம். இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி உருவாக்கியது, 2019-இல் வெளிவந்தது, ஜிடி3 என்ற பிரிவின் பந்தயக் கார்கள். வாங்கிய புதிதில் எல்லாரும் போவது யார் வேண்டுமானாலும் நுழைந்து ஓட்டக்கூடிய பொது சர்வர்களுக்குத்தான். அங்கே இத்தாலியின் மோன்சா தடத்தின் முதல் திருப்பத்தைப் பார்த்தால் மனித இனத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். சுமார் 270 கி.மீ. வேகத்தில் வந்து 70, 80-க்கு இறங்க வேண்டிய சிகேன் அது, வலமும் இடமுமாக அடுத்தடுத்து ஒடியும் குறுகிய வளைவு. இரண்டு கார்கள் சேர்ந்து போவதே சிரமம். முதல் லேப்பில், அதாவது முதல் சுற்றில், டயர் சூடேறியிருக்காது, பிரேக் சூடேறியிருக்காது, பின்னால் வருகிறவனுக்கு மூளையும் சூடேறியிருக்காது. இடித்துத் தள்ளிவிட்டு, தன் காரும் உடைந்தால் அடுத்த நொடி சர்வரை விட்டே வெளியேறிவிடுவான். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தனியாக அங்கே ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் இந்த வீல் பாதி வாரம் துணி காயப்போடத்தான் பயன்பட்டது.

லீகில் இடித்தவனின் முகத்தில் அடுத்த வாரமும் விழிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணி நம் ஊருக்கும் யாழ்ப்பாணத்துக்கும். துபாய்க்காரருக்கு ஏழரை. சிங்கப்பூர்க்காரருக்குப் பதினொன்றரை, கண்ணைக் கசக்கிக்கொண்டே வருவார். டொராண்டோ தம்பிக்குக் கோடைக்காலம் என்றால் காலை பதினொன்றரை, தட்டில் ஏதோ வைத்துக்கொண்டு மைக்கில் மென்றுகொண்டிருப்பான். சர்வர் ஒரு பருவம் மும்பையில், அடுத்த பருவம் சிங்கப்பூரில். எதுவானாலும் டொராண்டோ கார் அவ்வப்போது குதித்துக் குதித்துத்தான் வரும். அதன் பக்கத்தில் ஓட்டும்போது அரை கார் இடம் கூடுதலாக விடுவது எங்களில் எழுதப்படாத மரியாதை.

வென்றவன் அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடை சுமக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் ஒரே ஆள் தொடர்ந்து ஜெயிக்க முடிவதில்லை. என் சண்டையெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்றாம் இடத்துக்குத்தான். அதற்கு மூன்று பேர் ஒரு மணி நேரம் மோதிக்கொள்வோம். முன்னால் யார் ஜெயித்தார் என்று முடிந்த பிறகுதான் கேட்போம்.

ஆனால் நான் எதிர்பார்க்காத இன்பம் செவ்வாய்க்கிழமை வருகிறது. அன்றுதான் விசாரணை. மோதல் நடந்தால் ஒரு நாளுக்குள் எந்த லேப், எந்த நிமிடம் என்று எழுதிப் புகார் கொடுக்க வேண்டும். சம்பந்தப்படாத மூன்று பேர் ஸ்டூவர்டுகளாக, அதாவது நடுவர்களாக, உட்கார்ந்து ரீப்ளேயை ஓட்டுவார்கள், ஓட்டுநர் கண்ணிலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை. திருப்பத் தொடங்கிய நொடியில் முன்சக்கரம் எதிராளியின் கதவு அளவுக்கு வந்திருந்ததா இல்லையா என்பதற்கு அரை மணி நேரம் வாதாடுவார்கள். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கேட்க வருகிற கூட்டம், பந்தயம் ஓட்டுகிற கூட்டத்தைவிடப் பெரியது. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் புகார்தாரருக்காகப் பேசும் அழகைக் கேட்டால், இவர் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர் என்று தோன்றும்.

நானும் ஒரு தடவை கூண்டில் ஏறினேன். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், ரெய்டியோன் மேட்டில் ஏறி கெம்மல் நேர்பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது என் கார் திடீரென்று பிரேக் பிடித்தது. நான் பிடிக்கவில்லை, பெடல் பிடித்தது. பின்னால் வந்த சிங்கப்பூர்க்காரர் என் டிக்கியில் ஏறி, சுவரில் மோதி, பந்தயத்திலிருந்தே வெளியேறினார். "வேண்டுமென்றே பிரேக் அடித்தார்" என்று புகார். இந்த உலகில் அதைவிடக் கேவலமான குற்றச்சாட்டு கிடையாது.

ஆட்டத்தில் மோடெக் என்ற டெலிமெட்ரி கோப்பு, அதாவது எந்த நொடியில் எந்தப் பெடல் எவ்வளவு இறங்கியது என்ற பதிவு, சேமிக்கும் வசதி இருக்கிறது. அதை ஒப்படைத்தேன். ஆக்ஸிலரேட்டர் கோடு நூறிலேயே நிற்கிறது, பிரேக் கோடு மட்டும் செங்குத்தாக ஏறி உடனே இறங்குகிறது. மனிதக் கால் அப்படி மிதிக்காது. ஸ்டூவர்டுகள் பார்த்துவிட்டு, உள்நோக்கம் இல்லை, ஆனால் பழுதான பெடலோடு வந்தது ஓட்டுநரின் பொறுப்பு, ஐந்து வினாடி தண்டனை என்றார்கள். ஐந்து வினாடியில் என் பதின்மூன்றாம் இடம் போயிற்று. அந்தத் தீர்ப்பு தவறு என்றே இன்றைக்கும் சொல்வேன். டயர் வெடித்தால் ஓட்டுநருக்குத் தண்டனை கொடுப்பார்களா?

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். கூட்டம் கலைந்த கையோடு புகார் கொடுத்தவரே கூப்பிட்டார். அவர் அங்கே லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறவர். "தம்பி, அந்தக் கோட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, பாட் போயிடுச்சு. ஸ்க்ரூ டிரைவர் எடு" என்றார். பாட் என்றால் அந்தப் பொட்டென்ஷியோமீட்டர்தான். அவருக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. வீடியோவில் போனைச் சாய்த்து வைத்து, அடித்தகட்டைக் கழற்ற வைத்து, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று என்னைப் படம் எடுக்கச் சொல்லி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் வாங்கி அடித்தால் சில மாதம் ஓடும், முழுக்கத் தேய்ந்துவிட்டால் பாட்டையே மாற்ற வேண்டும், அதுவும் அங்கேயே கிடைக்கும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள், தூசி இன்னும் ஒட்டும்.

அவரும் நானும் டொராண்டோ தம்பியும் சேர்ந்து பிறகு ஆறு மணி நேர ஸ்பா பந்தயத்தில் ஒரே காரில் ஓட்டினோம். பிட் என்கிற தடத்தோர நிறுத்தத்தில் நிறுத்தி ஆள் மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் ஓட்ட, மற்றவர் பெட்ரோல் கணக்கு பார்க்க. லேப்புக்கு ஏறக்குறைய நாலு லிட்டர், மழை வந்தால் எல்லாக் கணக்கும் கிழிந்தது. நடுராத்திரி மழையில் 7 கி.மீ. தடத்தில் ஒருவர் காதில் மெதுவாக "அண்ணே, முன்னாடி மஞ்சள் கொடி, நிதானமா போங்க" என்று சொல்லிக்கொண்டே வருவது இருக்கிறதே, அந்தச் சுகத்தை இந்த வீலின் பெட்டியில் எங்கேயும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

கரண்ட் போவது, நெட் அறுவது எல்லாம் உண்டு. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ், ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் லைன், இரண்டும் இல்லாமல் லீகுக்கு வராதீர்கள். அப்படியும் அறுந்தால் மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வரலாறு இருக்கிறது. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், முன்னணியில் இருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கே இணைப்பு அறுந்தது. நேரலையிலேயே பொரிந்து தள்ளினார். ஃபார்முலா 1 உலக சாம்பியனுக்கே அந்த கதி.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ஓடிய பிறகும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகும் லீகில் புதுப் பையன்கள் நிறைய. எல்லாருக்கும் போர்ஷேதான் வேண்டும். பின்னால் எஞ்சின் இருக்கும் காரை முதல் நாளே எடுத்து, திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலைத் தூக்கிச் சுழன்று நிற்பார்கள். இதிலிருந்து நிஜ ரேஸுக்குப் போய்விடலாமா என்று கேட்பார்கள். போனவர்கள் உண்டு. 2019-இல் கேமர்களுக்கான போட்டியில் ஜெயித்த ஜேம்ஸ் பால்ட்வின், 2020-இல் பிரிட்டிஷ் ஜிடி என்ற நிஜக் கார் பந்தயத் தொடரில் தன் முதல் பந்தயத்தையே ஜெயித்தார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். எங்களில் பலருக்கு மிக வேகமான நிஜ வாகனம் ஆக்டிவாதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தனியாக ஓட்டுவதற்கு என்றால் இந்த விலைக்கும் வேண்டாம். லீகுக்கு என்றால், கூடவே ஒரு உபரி பாட்டும் காண்டாக்ட் கிளீனரும் வாங்கிக்கொள். முடிந்தால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து லோட் செல் பெடலாகப் பார். இது நியாயமான பதில். இதுவே முந்தாநாள் கேட்டிருந்தால் பத்துக்கு எட்டு மார்க் போட்டிருப்பேன்.

நேற்று மோன்சா. புது பாட் மாட்டிய பெடல் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது, தகுதிச் சுற்றில் இதுவரை வராத ஒன்பதாவது இடம். பச்சை விளக்கு எரிந்தது. முதல் சிகேன், போர்ஷே ஓட்டும் ஒரு புதுப் பையன், பதினேழாவது இடத்திலிருந்து பிரேக்கே பிடிக்காமல் வந்து என் கதவில் முடித்துக்கொண்டான். இறங்கியதும் சாரி சொல்ல வேண்டாமா? "ப்ரோ, நீங்க சீக்கிரமா பிரேக் பிடிச்சிட்டீங்க" என்கிறான்.

ஆகவே இன்றைக்கு மார்க் பத்துக்கு நாலு. புகார் கொடுத்தாயிற்று, மோடெக் கோப்போடு. செவ்வாய்க்கிழமை விசாரணையில் அவனுக்காக மருந்துக்கடைக்காரர் பேசப்போவதாகக் கேள்வி. அவன் தப்பித்துவிட்டால் மூன்று.