கிரிட்டைப் பார்த்து வாங்காதீர்கள், ரிப்போர்ட்டைப் பார்த்து வாங்குங்கள்

யுஐ காம்போனென்ட் தொகுப்பு (திரைக்கு வேண்டிய அட்டவணை, வரைபடம் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் மென்பொருள்) எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க அப்ளிகேஷன்ல ரிப்போர்ட் எத்தனை இருக்கு?" இன்வாய்ஸ், சம்பளச் சீட்டு மாதிரி அச்செடுக்கும் தாள்களைத்தான் ரிப்போர்ட் என்கிறேன். கிரிட் எனும் அட்டவணை, சார்ட், காலண்டர் எல்லாம் அப்புறம்.

திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளுக்கான வெப் அப்ளிகேஷன் ஒன்றைப் பல வருடமாக மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் பழைய வடிவமான வெப் ஃபார்ம்ஸ் காலத்திலிருந்து இன்றைய டாட்நெட் வரை காம்போனென்ட்டுகளுக்கு ஒரே நிறுவனத்துக்குத்தான் சந்தா கட்டுகிறோம். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் அதன் பெயர் இங்கே வேண்டாம்.

கிரிட்டைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் எக்ஸலில் பழகிய கை. என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், எக்ஸலில் காப்பி செய்ததை அப்படியே பேஸ்ட் செய்ய வேண்டும், பெயர் இருக்கும் நெடுவரிசை நகராமல் நிற்க வேண்டும். இதையெல்லாம் நாமே எழுத உட்கார்ந்தால் வேறு வேலை நடக்காது. கவனிக்க வேண்டியது ஃபுட்டரில், அதாவது அட்டவணையின் அடியில், வரும் கூட்டுத்தொகையை. பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் பேஜிங் சர்வரில் நடக்கும்போது, பிரவுசர் பக்கத்துக் கிரிட்டுக்குக் கையில் இருக்கும் வரிகள்தான் தெரியும். அந்தப் பக்கத்தின் கூட்டலை மட்டும் போட்டுவிட்டு நிற்கும். மொத்தத்தை சர்வரே கணக்கிட்டு அனுப்ப வேண்டும். டெமோ பக்கங்களில் இது கண்ணில் படாது, சம்பளப் பட்டியல் போடுபவர் முதல் நாளே பிடித்துவிடுவார். லட்சக் கமாவும் அப்படித்தான். திரையில் 12,34,567 என்று சரியாக வருவது எக்ஸலுக்குப் போனதும் 1,234,567 ஆகலாம். அது அந்தக் கணினியின் விண்டோஸ் ரீஜன் அமைப்பைப் பொறுத்தது. காம்போனென்ட்டைத் திட்டிப் பயனில்லை.

ரிப்போர்ட் விஷயம் வேறு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது இன்வாய்ஸ் லேஅவுட் அத்தனையையும் மாற்ற வேண்டியிருந்தது. ஹெச்எஸ்என் எனும் சரக்கு வகைக் குறியீட்டுக்கான நெடுவரிசை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி பிரித்துக் காட்டும் அட்டவணை என்று எல்லாமே புதிது. தொகுப்போடு வரும் ரிப்போர்ட் டிசைனரில் இழுத்துப் போட்டு, பெரும்பாலும் புரோகிராமைத் தொடாமலே முடித்தோம். கட்டிய சந்தாவுக்கு அந்த ஒரு மாதமே போதும் என்று அப்போது தோன்றியது.

அதே டிசைனர்தான் கையைக் கட்டியும் போடுகிறது. லேஅவுட் ஃபைல் எக்ஸ்எம்எல்லாக இருந்தாலும் அது அந்த நிறுவனத்தின் சொந்த பாஷை. வேறு கம்பெனிக்கு மாறினால் எல்லா ரிப்போர்ட்டையும் புதிதாக வரைய வேண்டும். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற பழைய ரிப்போர்ட் மென்பொருளின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராம் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் 2008 பதிப்பு வரை கூடவே வந்தது, 2010 பதிப்பிலிருந்து அதன் உரிமையாளரான எஸ்ஏபி நிறுவனத்தின் தளத்தில் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டியதாயிற்று. டாட்நெட்டின் புதிய வடிவமான டாட்நெட் கோருக்கு அதன் ரன்டைம் (ரிப்போர்ட்டை ஓட்டும் பகுதி) வரவே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் ரிப்போர்ட் வியூவரும் அதன் வெப் பகுதியான ஏஎஸ்பி டாட்நெட் கோருக்கு வரவில்லை. அப்ளிகேஷன் முழுக்கப் புதிதாகிவிட்ட பிறகும், ரிப்போர்ட்டுக்கென்றே ஒரு பழைய விண்டோஸ் சர்வரை வைத்திருக்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன.

எங்களை அதிகம் படுத்தியது தமிழ் பிடிஎஃப். சம்பளச் சீட்டில் பெயர் தமிழில் வர வேண்டும். பிரவுசரில் 'கோவிந்தன்' அழகாகத் தெரியும்; பிடிஎஃப் எடுத்தால் க தனியாக நிற்கும், அதன் பின்னால் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பும் காலும். யூனிகோடில் 'கோ' என்பது முதலில் க, பிறகு ஓகாரக் குறி. கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கொண்டுபோய் வைப்பது ஷேப்பிங் எஞ்சினின் வேலை. பிரவுசருக்குள் அது இருக்கிறது, பிடிஎஃப் எழுதும் லைப்ரரிகள் பலவற்றில் இருக்காது. அந்த நிறுவனத்துக்குப் புகார் டிக்கெட் போட்டோம். "ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. பிரச்சினை ஃபான்ட்டில் இல்லை என்று புரியவைக்கவே பல மடல்கள் ஆயின. கடைசியில் சம்பளச் சீட்டை மட்டும் ஹெச்டிஎம்எல்லாக எழுதி, ஹெட்லெஸ் குரோம் (திரையில்லாமல் ஓடும் குரோம் பிரவுசர்) வழியே பிடிஎஃப் எடுக்கிறோம். புதிதாக வாங்குபவர்கள் ஹார்ஃப்பஸ் மாதிரி ஷேப்பிங் எஞ்சின் உள்ளே இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடலாம். கேட்பதைவிட 'கோ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' நான்கையும் ட்ரையல் வெர்ஷனில் அச்செடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. படமும் எழுத்தும் வரையும் டாட்நெட் லைப்ரரியான சிஸ்டம் டிராயிங் காமன், டாட்நெட் 6 முதல் விண்டோஸுக்கு மட்டும்தான். அதை நம்பியிருந்த ரிப்போர்ட் எஞ்சின்கள் ஸ்கியா என்ற வேறு வரைகலை லைப்ரரிக்கு மாற வேண்டி வந்தது. மாறியதும் எழுத்தின் அகலத்தை அளக்கும் கணக்கு மயிரிழை வித்தியாசப்படும். ஒரு வரியில் நின்ற பார்ட்டி பெயர் இரண்டு வரியாகும், ஒரு பக்க இன்வாய்ஸ் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். அப்ளிகேஷனைப் பொதிந்து ஓட்டும் கண்டெய்னருக்குள் ஃபான்ட்டையும் நாம்தான் போட வேண்டும்.

சந்தாவை நிறுத்தினாலும் கையில் இருக்கும் வெர்ஷன் ஓடும் என்று பலர் அப்டேட்டை விட்டுவிடுகிறார்கள். டெலரிக் என்ற காம்போனென்ட் நிறுவனத்தின் ஏஎஸ்பி டாட்நெட் ஏஜாக்ஸ் தொகுப்பில் 2019-ல் பதிவான ஃபைல் அப்லோட் பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பார்க்கலாம். அதற்குத் திருத்தம் வந்து வருடங்கள் ஆன பிறகும், அப்டேட் செய்யாத ஓர் அமெரிக்க அரசுத் துறையின் சர்வருக்குள் அதே வழியாக ஆட்கள் புகுந்ததாக 2023 மார்ச்சில் அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா எச்சரிக்கை வெளியிட்டது. இணையத்தைப் பார்த்து நிற்கும் அப்ளிகேஷன் என்றால் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

விலை டெவலப்பர் தலைக்கு இவ்வளவு என்றுதான் பொதுவாக இருக்கும். சின்ன டீம் என்றால் சிங்க்ஃபியூஷன் என்ற நிறுவனத்தின் இலவச கம்யூனிட்டி லைசென்ஸைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழ், டெவலப்பர்கள் 5 பேருக்கு மிகாமல் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஏஜி கிரிட் என்ற கிரிட்டின் கம்யூனிட்டி பதிப்பு, தாராளமான எம்ஐடி லைசென்ஸில் இலவசம். ஆனால் ரோ குரூப்பிங்கும் (வரிகளைக் குழுவாக்குவது) எக்ஸல் எக்ஸ்போர்ட்டும் காசு கொடுக்கும் என்டர்பிரைஸ் பதிப்பில்தான்.

நாங்கள் இப்போது புதிய திரைகளை அந்த இலவசக் கிரிட்டில்தான் கட்டுகிறோம். எக்ஸல் எடுக்கும் வேலையை சர்வரில் குளோஸ்டு எக்ஸ்எம்எல் என்ற லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. பழைய நிறுவனத்தில் ரிப்போர்ட்டுக்கு மட்டும் இரண்டு லைசென்ஸ் மிச்சம். அதை விட முடியாததற்குக் காரணம் பிரவுசரிலேயே திறக்கும் அவர்களுடைய டிசைனர். லோகோவைப் பெரிதாக்கு, வண்டி நம்பரை மேலே கொண்டுவா என்று முன்பெல்லாம் எங்களுக்குப் போன் வரும். இப்போது அந்த மாற்றங்களை கம்பெனிகளின் கணக்குப் பிரிவே செய்துகொள்கிறது.