டிரெட்மில்லா, பெல்ட் சைக்கிளா: உடலியங்கியல் ஆய்வகத்துக்கு எதை வாங்குவது?

உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், பிசியோதெரபி என எந்தத் துறையானாலும், உடற்பயிற்சி உடலியங்கியல் செய்முறை வகுப்பு தொடங்கும்போது இந்தக் கேள்வி வந்துவிடும். பணம் ஒரு பெரிய கருவிக்குத்தான் இருக்கும். பெரும்பாலான துறைகள் டிரெட்மில் பக்கம் சாயும். நாங்கள் எடுத்தது உராய்வுப் பட்டை வைத்து, ஆள் செய்யும் வேலையை அளக்கும் எர்கோமீட்டர் சைக்கிள், அதாவது பெல்ட் சைக்கிள். மாணவர்களுக்குப் பாடம் நடத்தத்தான் கருவி என்றால் இப்போதும் அதையேதான் சொல்வோம். மாவட்ட, மாநில அளவு ஓட்டக்காரர்களைச் சோதிக்க என்றால் பதில் மாறும். அது பின்னால் வருகிறது.

எளிதில் தெரிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஆய்வகத் தரமுள்ள டிரெட்மில் விலை கூடியது, இடத்தை அடைக்கும், கரன்ட் இல்லாமல் ஓடாது. சோதனை நடுவில் மின்சாரம் போனால் பட்டை நிற்கும், மேலே ஓடுகிறவர் நிற்க மாட்டார். பெல்ட் சைக்கிளுக்கு மின்சாரமே வேண்டாம். சைக்கிளில் கை அசையாமல் இருப்பதால் வேலைச்சுமை ஏறும்போதே இரத்த அழுத்தம் எடுக்கலாம், கடும் உழைப்பில் இரத்தத்தில் கூடும் லாக்டேட்டை அளக்க விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கலாம். டிரெட்மில்லில் காலடிச் சத்தத்தையும் மோட்டார் இரைச்சலையும் மீறி ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது பழகிய காதுக்கே சிரமம்.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த காரணம். ஆள் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது நமக்கு உண்மையிலேயே தெரியுமா? அதை மாணவர்களே சரிபார்க்க முடியுமா?

1954இல் ஃபான் டோபெல்ன் வெளியிட்ட வடிவமைப்பின் வழியில் வந்த சைக்கிள்களில் கணக்கு வெளிப்படையானது. பெடல் ஒரு சுற்று சுற்றினால், பட்டை சுற்றியிருக்கும் கனச் சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பு 6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்று என்றால் 300 மீட்டர். பட்டையின் இழுவிசையைக் காட்டும் ஊசல் 2 கிலோபாண்ட் (ஒரு கிலோபாண்ட் என்பது 1 கிலோ எடை இழுக்கும் விசை) காட்டினால் நிமிடத்துக்கு 600 கிலோபாண்ட்-மீட்டர், 6.12ஆல் வகுத்தால் 98 வாட். இதில் ஒளித்துவைத்த மென்பொருள் எதுவும் இல்லை.

சரிபார்ப்பதும் அதே அளவு எளிது. சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தரை சாய்ந்திருந்தால் சுழியே தப்பாகிவிடும். பட்டையைத் தளர்த்தி, ஊசல் சுழியில் நிற்கிறதா பாருங்கள். பிறகு பட்டை இழுக்கும் அதே இடத்தில் 4 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். முத்திரையிட்ட 2 கிலோ எடைக்கற்கள் இரண்டு போதும். தொங்கவிடும் கொக்கியின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பலர் விடுவது அதைத்தான். ஊசல் 4இல் நின்றால் சரி. 3.8இல் நின்றால் அளவுகோல் குறைத்துக் காட்டுகிறது. 600 என்று எழுதிய வேலை உண்மையில் 630க்கு மேல் இருக்கும். ஊசலின் எடையை நகர்த்தும் திருகைச் சரிசெய்துவிட்டு, 2 கிலோவிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. பருவத்தின் முதல் செய்முறையாக இதையே வைக்கலாம்.

சங்கிலி உராய்வில் போகும் சில சதவீதத்தை இந்தக் கணக்கு பிடிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஃப்ளைவீலில் அளப்பதைவிடக் கால் செய்யும் வேலை சற்றுக் கூடுதல்தான். சங்கிலியைச் சுத்தமாக வைத்திருந்தால் அந்தப் பிழை வாரத்துக்கு வாரம் மாறாது. மாறாத பிழையோடு பாடம் நடத்தலாம்.

டிரெட்மில்லைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பட்டையின் முழு நீளத்தை அளந்து, ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஆள் மேலே ஓடும்போதே சுற்றுகளை எண்ண வேண்டும். 3.20 மீட்டர் பட்டை நிமிடத்துக்கு 50 சுற்று வந்தால் வேகம் மணிக்கு 9.6 கிலோமீட்டர். திரையில் 10 என்று இருக்கும். ஆள் இல்லாமல் எண்ணினால் திரையும் கணக்கும் ஒத்துப்போகலாம். எடை விழும்போதுதான் மோட்டார் தடுமாறும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். 55 கிலோ மாணவிக்கு ஒரு வேகம், 85 கிலோ மாணவருக்கு ஒரு வேகம். பட்டைக்கு அடியில் தூசி சேர்ந்து சிலிக்கான் எண்ணெய் காய்ந்தால் பிழை இன்னும் கூடும். சாய்வை ரசமட்டம் வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்: 100 செ.மீ. கிடைத்தூரத்துக்கு 10 செ.மீ. உயர்ந்தால்தான் அது 10 சதவீதம்.

இத்தனையும் செய்தாலும் கைப்பிடி என்ற ஓட்டை இருக்கிறது. வேகமும் சாய்வும் கட்டம் கட்டமாக ஏறும் டிரெட்மில் சோதனையான புரூஸ் நெறிமுறையின் முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீதச் சாய்வு. நடைக்கான ஆக்சிஜன் சமன்பாட்டின்படி உடல் எடை கிலோவுக்கு நிமிடத்துக்கு சுமார் 16 மி.லி. ஆக்சிஜன். கைப்பிடியை இறுகப் பிடித்து நடப்பவர் அவ்வளவு எடுக்கவே மாட்டார். நேரத்தை மட்டும் வைத்து விஓ2 மேக்ஸ், அதாவது உடல் எடுக்கக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, கணித்தால் சோம்பேறியும் வீரராகத் தெரிவார்.

வேலை தெரிந்திருப்பதால் என்ன லாபம் என்பதற்கு ஒரே செய்முறை போதும். 60 கிலோ மாணவர் 98 வாட்டில் மிதிக்கிறார். மூன்று, நான்கு நிமிடத்தில் நிலை சமப்பட்ட பிறகு வெளிவிடும் மூச்சை டக்ளஸ் பை என்ற பெரிய பையில் சேகரித்து அளந்தால், நிமிடத்துக்கு 1.5 லிட்டரை ஒட்டி ஆக்சிஜன் வரும். லிட்டருக்கு 20.9 கிலோஜூல் வீதம் அது 522 வாட். ஆக, மொத்தத் திறன் (செலவான ஆற்றலில் வேலையாக வெளிவந்த பங்கு) 19 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஓய்வில் எடுக்கும் 0.25 லிட்டரைக் கழித்தால் 22.5 சதவீதம். மிச்சம் வெப்பம். வியர்வை ஏன், தோலுக்கு இரத்தம் ஏன், மே மாதத்தில் அதே சுமைக்குத் துடிப்பு ஏன் ஏறுகிறது என்ற கேள்விகள் எல்லாம் இங்கிருந்தே கிளம்பும். சமதள டிரெட்மில்லில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அங்கே ஓடுகிறவர் வெளியே செய்யும் நிகர வேலை ஏறக்குறைய பூஜ்ஜியம்.

மின்காந்த பிரேக் சைக்கிளை வாங்கலாமே என்பார்கள். வாட்டைச் சொன்னால் போதும், மிதிக்கும் வேகம் மாறினாலும் அது சுமையைக் காத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 20, 25 வாட் ஏறும் ராம்ப் சோதனைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் களைத்தவர் 60 சுற்றிலிருந்து 40க்கு இறங்கினால் முறுக்குவிசை ஒன்றரை மடங்காகும், கால் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான மாடல்களில் முழுச் சரிபார்ப்புக்குத் தனிக் கருவியோடு கம்பெனி ஆள் வர வேண்டும். அதுவரை திரையை நம்பித்தான் ஆக வேண்டும்.

பெல்ட் சைக்கிளில் தவறுவதும் உண்டு. உராய்வில் பட்டை சூடாகி, முதல் சில நிமிடங்களில் ஊசல் நகரும். நிமிடத்துக்கு ஒருமுறை கண்மட்டத்தில் படித்துக் குமிழைத் திருப்ப ஒரு மாணவர் தனியாக நிற்க வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை 50இல் அல்ல, 100இல் வையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு தட்டு. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் நிமிடத் துடிப்புகள் 5க்குள் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு நிமிடம் அதே சுமையில் விடுங்கள். மின்விசிறி கட்டாயம், உட்கார்ந்த இடத்தில் மிதிப்பவருக்குக் காற்றே கிடையாது.

டிரெட்மில்லுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இது: சைக்கிள் பழகாதவர்களிடம் விஓ2 மேக்ஸ் சைக்கிளில் 5 முதல் 20 சதவீதம் வரை குறைவாக வரும். நுரையீரலும் இதயமும் எல்லையைத் தொடும் முன்பே தொடை எரிந்து நின்றுவிடும். ஓட்டக்காரரின் உச்சத்தைச் சைக்கிளில் தேடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். நடை பயிலும் முதியவர்கள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள் விஷயத்தில் எங்கள் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி மாணவர்களை மனதில் வைத்துத்தான் இதெல்லாம் சொல்கிறோம். 30 நொடி முழு வேகத்தில் மிதிக்கும் விங்கேட் சோதனைக்கும் ஊசல் மாடல் தோதுப்படாது. 60 கிலோ ஆளுக்கு 4.5 கிலோபாண்ட் சுமை ஒரே நொடியில் விழ வேண்டும். அதற்கு எடைக்கூடை வைத்த மாடல் தேவை.

பழைய பெல்ட் சைக்கிள் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஊசலை விரலால் தள்ளிவிடுங்கள். தடையில்லாமல் ஆடி ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். பெடல் தண்டை ஆட்டிப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஃப்ளைவீல் விளிம்பு துருப்பிடித்திருக்கும். மென்மையான எமரி தாளால் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், அந்த விளிம்பில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. பட்டை பளபளத்து வழுக்கினால் மாற்றிவிடுங்கள். வாங்கும்போதே இரண்டு பட்டை கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.