அத்தையோடு பாண்டி பஜாரில் ஒரு சாயங்காலம்

சென்னை மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் வலி வந்த பிறகு பாண்டி பஜார் பக்கமே போகவில்லை. டொராண்டோவிலிருந்து போயிருந்த நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். வயதானவர்களை வெளியே அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் போனபோது பனகல் பார்க் அருகே மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரே தடுப்பும் தூசியும். ஆட்டோவில் போனால் பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலைக்குள் வந்தே இறங்குங்கள். 2019 நவம்பரில் திறந்த அகலமான நடைபாதையில் யாரும் இடிக்காமல் நடக்க முடிகிறது. உட்கார இருக்கைகள் இருக்கின்றன. அத்தை நாலு கடைக்கு ஒருதரம் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடமெல்லாம் கதை.

"ராஜகுமாரி தியேட்டர் இங்கதாண்டி இருந்துது." நடிகை டி.ஆர். ராஜகுமாரியின் தியேட்டர் அது. மாட்டினி விட்டால் பெண்கள் கூட்டம் நேராகப் பிளாட்பாரக் கடைகளுக்குத்தான் போகும். ரிப்பன், கண்ணாடி வளையல், சாந்து, ஹேர்பின். ஒரு கடைக்காரர், அத்தை தூரத்தில் வரும்போதே புடவை நிறத்தைப் பார்த்து அதற்கேற்ற வளையலை எடுத்து வைத்திருப்பாராம். கையில் காசு குறைந்தால், "அடுத்த வாரம் குடும்மா" என்பாராம். அந்தக் கவனிப்பு எந்தக் குளிரூட்டிய கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிளாட்பாரக் கடைக்காரர்களை 2013-இல் அங்கேயே ஒரு பல மாடி வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். "போறவழியில கண்ணுல பட்டாத்தானே வாங்கத் தோணும்? பொட்டு வாங்க யாரு மாடி ஏறுவா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. நடைபாதை அகலமானதால்தான் அத்தையால் மறுபடி இந்தத் தெருவில் நடக்க முடிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் பிழைத்தவர்களையும் மறக்கக் கூடாது. பாண்டி பஜார் போகிறவர்கள் தயவுசெய்து அந்த வளாகத்துக்குள்ளும் ஒரு நடை போய் வாங்குங்கள். நாங்கள் இரண்டு டஜன் வளையல் வாங்கினோம். பேரம் முழுக்க அத்தை பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் நெரியும். வார நாளில் நாலு மணிக்குள் போய்விட்டால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். கழிவறைக்கு, டிபன் சாப்பிடும் ஹோட்டலிலேயே போய்வந்துவிடுவது நல்லது. திரும்பும்போது ஆட்டோ வேண்டாம் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஏறியதும் ஒரு பெண் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தார்.