எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இரண்டு முறை மாற்றிய பிறகு

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்த்து வெளியே அனுப்பும் குழாய். முதல் முறை மாற்றியது 40,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது முறை மாற்றியது மூன்று வருடமாக, 2,60,000 கிலோமீட்டர் தாண்டியும் கசிவில்லாமல் ஓடுகிறது. இரண்டு முறையும் வாங்கியது ஒரே பார்ட் நம்பர். இன்ஜினும் அதேதான், ஏற்றும் சுமையும் அதேதான். மாட்டிய விதம்தான் மாறியது. கனரக டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இந்த வேலையில் இறங்கப் போகிறார்கள் என்றால், இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்கலாம்.

என்னுடையது 13 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். மேனிஃபோல்டு ஒரே துண்டு இல்லை. முன், நடு, பின் என்று மூன்று வார்ப்புகள். ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று நுழைந்து நிற்கும். அந்த ஸ்லிப் ஜாயின்ட்டுக்குள் பிஸ்டன் ரிங் மாதிரியே சின்ன வளையங்கள் இருக்கும். பெரிய இன்ஜின்களில் பரவலாகக் காணும் அமைப்பு இது. ஏன் மூன்றாக வார்த்திருக்கிறார்கள் என்பதை முதல் தடவை நான் யோசிக்கவே இல்லை.

ஆரம்பத்தில் ஒரு சத்தம் மட்டும்தான். காலையில் குளிர்ந்த இன்ஜினை எழுப்பினால் டிக் டிக் என்று கேட்கும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் வேகமாகும். பத்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறியதும் காணாமல் போகும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து வால்வு கிளியரன்ஸ், அதாவது அங்கே இருக்க வேண்டிய இடைவெளி, பார்க்க வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் மறைகிறது என்று பிறகுதான் புரிந்தது. குளிரில் வந்து சூட்டில் மறையும் டிக் சத்தத்துக்கு டேப்பெட்டைத் திறப்பதற்கு முன்னால் மேனிஃபோல்டைப் பாருங்கள். ஹீட் ஷீல்டைக் கழற்றினால் கசிவு இருக்கும் இடத்தில் கரி கோடு போட்டிருக்கும். எனக்கு ஆறாவது சிலிண்டரின் புகை வெளிவரும் போர்ட் ஓரத்தில் கோடு இருந்தது, பின் துண்டில் மெல்லிய விரிசலும் தெரிந்தது.

அதோடு நின்றால் பரவாயில்லை. டர்போ என்பது புகையின் உந்தலில் டர்பைன் சக்கரம் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. அதற்கு முன்னால் புகை கசிந்தால் டர்பைனைச் சுற்ற வேண்டிய அழுத்தம் அங்கேயே வீணாகிறது. காற்று குறைகிறது, அதே டீசல் குறைந்த காற்றில் எரிகிறது, புகையின் சூடு ஏறுகிறது, அந்தச் சூடு விரிசலை இன்னும் பெரிதாக்குகிறது. ஏற்றத்தில் பூஸ்ட் முள் (டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டுவது) பழைய இடத்துக்கு வராது. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருக்கும் வண்டியில் கரி சீக்கிரம் சேர்ந்து, அதை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் அடிக்கடி வரும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் வெடிப்பு வரிசை பெரும்பாலும் 1-5-3-6-2-4. முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருவதால், இரண்டு பக்கத்துப் புகையையும் தனித்தனி வழியில் டர்போவுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு உந்தலும் கலையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. சின்னக் கசிவுகூட இழுவையில் உடனே தெரிவது அதனால்தான்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை கேபின். வண்டியை ஐட்லில் விட்டுவிட்டு உள்ளே படுப்பவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வாடை வரவில்லை என்பதை நம்பித் தூங்க முடியாது. கசிவு உறுதியான அன்றே கேபினில் ஒரு அலாரம் மாட்டினேன். மேனிஃபோல்டு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டிய நிலை வந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் விரிசலை வெல்டிங் வைத்துப் பார்த்தோம். வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிந்தது. அப்புறம்தான் மூன்று துண்டும் புதிதாக வாங்கினேன். லோடு காத்துக்கொண்டிருந்தது, எனக்கும் அவசரம், வேலை செய்தவர்களுக்கும் அவசரம். பழைய போல்ட்டுகளின் தலைக்கு அடியில் இருந்த தடித்த ஸ்லீவ்கள் (போல்ட்டைச் சுற்றி நிற்கும் குட்டைக் குழாய்கள்) துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் வெட்டி எறிந்துவிட்டார்கள். பதிலுக்குக் கடையில் கிடைத்த குட்டை போல்ட். ஏர் கன் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக இறுக்கினார்கள். மேனிஃபோல்டு உட்காரும் சிலிண்டர் ஹெட்டின் முகத்தில் பழைய கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) கரி அப்படியே இருந்ததை நானே பார்த்தேன், நிறுத்தச் சொல்லவில்லை. 40,000 கிலோமீட்டருக்குள் முதல் போர்ட்டில் ஒன்று, ஆறாவது போர்ட்டில் இரண்டு என்று மூன்று போல்ட் முறிந்து, டிக் சத்தம் திரும்பி வந்தது.

ஏன் எப்போதும் முனையில் முறிகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேனிஃபோல்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். முழுச் சுமையில் அதன் சூடு 500 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், வார்ப்பிரும்பு சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். ஹெட்டுக்குள் கூலன்ட் ஓடுவதால் அது 90 டிகிரி அளவிலேயே நிற்கும். அதன் நீட்சி 1 மில்லிமீட்டர்கூட வராது. மீதி 5 மில்லிமீட்டர் எங்கே போகும்? ஸ்லிப் ஜாயின்ட்டுக்குள் போக வேண்டும். மூன்றாக வார்த்ததே அதற்காகத்தான். ஜாயின்ட் கோணலாக உட்கார்ந்து இறுகிவிட்டால் நீட்சி முழுவதும் இரு முனைகளுக்குப் போகும். வண்டி சூடேறும்போது முனை போல்ட் ஒரு பக்கம் வளையும், ஆறும்போது திரும்பும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதும் இதுவும் ஒன்றுதான்.

ஸ்லீவின் வேலையும் அப்போதுதான் விளங்கியது. ஸ்லீவ் இருந்தால் நீளமான போல்ட் போட முடியும். நீள போல்ட் ரப்பர் மாதிரி கொஞ்சம் கூடுதலாக இழுபட்டு நிற்கும். ஃபிளாஞ்ச் (மேனிஃபோல்டில் போல்ட் துளை உள்ள தட்டையான விளிம்பு) சூட்டில் தடித்தாலும் குளிரில் சுருங்கினாலும் பிடிமானம் போகாது, பக்கவாட்டு வளைவையும் தாங்கும். குட்டை போல்ட்டில் அந்த இடம்கொடுப்பு இல்லை. இன்ஜின் செய்தவர்கள் ஸ்லீவ் கொடுத்திருந்தால் அதைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது முறை இரண்டு முழு நாள் ஒதுக்கினேன். மூன்று நாள் முன்னதாகவே, தினமும் வண்டி நின்று இளஞ்சூடாக இருக்கும்போது எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வந்தேன். அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது: மிச்சமிருந்த ஒன்பது போல்ட்டும் ஒன்றுகூட ஒடியாமல் வந்தன. டர்போவைக் கையால் தூக்க முயலவில்லை, ஹாய்ஸ்ட் வைத்து இறக்கினோம். ஆயில் வரும் வழி, திரும்பும் வழி இரண்டையும் உடனே மூடினேன்.

ஏற்கெனவே முறிந்திருந்த மூன்றுதான் நேரத்தைச் சாப்பிட்டன. இரண்டு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளே வெல்டிங் நிரப்பி, சிவப்பு அடங்கும் வரை விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டியதில் வந்துவிட்டன. வெல்டின் சூடு துருவின் பிடியை உடைத்துவிடுகிறது, அதுதான் இதில் பாதி வேலை. மூன்றாவது ஹெட்டுக்குள்ளேயே முறிந்திருந்தது. நடுப்புள்ளி தவறினால் ஹெட்டின் மரை போய்விடும். பழைய மேனிஃபோல்டின் ஃபிளாஞ்சையே வழிகாட்டியாக மாட்டி, அதன் துளைக்குச் சரியாக உட்காரும் ஒரு புஷ் கடைந்து, அதற்குள் டிரில்லை விட்டோம். இந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் அரை நாள் ஆனது. கடைசல் வசதி இல்லாதவர்கள் இந்த இடத்தில் தனியாக முயற்சி செய்யாமல், தெரிந்த மெஷின் ஷாப் ஆளைக் கூப்பிடுவது நல்லது.

போர்ட்டுகளில் துணி அடைத்துவிட்டு ஹெட்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். எத்தனை துணி வைத்தேன் என்று எழுதி வைத்து, எடுக்கும்போது எண்ணினேன். ஒரு துணுக்கு இரும்பு உள்ளே போனாலும் நேரே டர்பைன் இறக்கையில்தான் அடிக்கும். புதிய வார்ப்புகளையும் அப்படியே நம்பவில்லை. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் நடுத் துண்டின் முகம் ஒரு ஓரத்தில் தூக்கியிருந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன்.

மாட்டும்போது முக்கியமானது வரிசை. மூன்று துண்டையும் தரையில் வைத்துக் கோர்த்து, கையால் தள்ளினால் ஜாயின்ட் உள்ளே வெளியே நகர்கிறதா என்று பார்த்தேன். பிறகு கேஸ்கெட்டோடு ஹெட்டில் தொங்கவிட்டு, 12 போல்ட்டையும் ஸ்லீவோடு விரலால் மட்டும் இறுக்கினேன். துண்டுகள் தாமாகவே நேராக உட்கார்ந்தன. அதற்குப் பிறகுதான் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், நடுவிலிருந்து இரு முனைகளுக்கும், மூன்று சுற்றாக. எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவலைப் பாருங்கள். மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவச் சொல்லியிருக்கிறதா, உலர்ந்த மரைக்கான எண்ணா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தடவிய மரையில் உலர்ந்த எண்ணைப் போட்டால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கேஸ்கெட்டில் சிலிகான் எதுவும் பூசவில்லை. அந்தச் சூட்டில் அது நிற்காது.

டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்ட பிறகுதான் பைப்பை மாட்டினேன். முதல் ஸ்டார்ட்டில் வார்ப்பின் மேல் இருந்த எண்ணெய் எரிந்து இருபது நிமிடம் புகைந்தது, அதற்குப் பதறத் தேவையில்லை.

மூன்று வருடத்தில் பார்த்தது: பூஸ்ட் பழைய இடத்துக்கு வந்தது, ரீஜெனரேஷனுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. மைலேஜ் நான் ஆசைப்பட்ட அளவு கூடவில்லை, கசிவு வருவதற்கு முன் இருந்த கணக்குக்குத் திரும்பியது, அவ்வளவுதான். 1,80,000 கிலோமீட்டரில் ஒருமுறை கரி தெரிந்து பயந்தேன். டர்போவுக்குப் பின்னால் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வி-கிளாம்ப் வளையம் தளர்ந்திருந்தது, அதை மாற்றியதும் சரியானது. வார்ப்பின் மேல் செந்துரு படிந்திருக்கிறது, அது மேலோட்டமான துருதான். ஏற்றம் ஏறி வந்து நிறுத்தினால் மூன்று நிமிடம் ஐட்லில் விட்டு அணைக்கிறேன். சூடான இன்ஜினில் யாரையும் தண்ணீர் அடிக்க விடுவதில்லை.

போன வாரம் ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தேன். முனை போல்ட்டுகள் நேராக நிற்கின்றன, ஸ்லீவ்கள் சூட்டில் நீலம் பூத்திருக்கின்றன. இரண்டு ஸ்லிப் ஜாயின்ட்டிலும் வாய் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துருவில்லாத பளபளப்பான பட்டை ஒன்று தெரிகிறது. சூட்டில் உள்ளே போய், ஆறும்போது வெளியே வருகிற பகுதி அது.