சூப்பர் மாரியோ 64, மொத உலகம் மட்டும்: மேப் இல்ல, மலை இருக்குதுங்க

மொதல்லயே சொல்லிப்போடறேனுங்க, இது முழு கேமுக்கும் ரிவ்யூ இல்ல. 1996-ல நின்டெண்டோ 64-ங்கற கேம் மெஷினுக்கு வந்த சூப்பர் மாரியோ 64-ல மொதமொதல்ல போற உலகம் ஒண்ணு இருக்குதில்லீங்களா, பாப்-ஆம் பேட்டில்ஃபீல்டு, அத மட்டும்தான் எழுதறேன். கேம்ல 15 பெரிய உலகம், தேடி எடுக்கறதுக்கு 120 ஸ்டாரு, எல்லாத்தயும் ஒட்டுக்கா எழுத உக்காந்தா எனக்கும் விடியாது படிக்கறவங்களும் பாதில எந்திரிச்சு போயிருவாங்க. ஆனா இந்த மொத உலகத்த மட்டும் தனியா எழுதலாம், அத்தன சரக்கு இருக்குது அதுல. இப்ப வர்ற பெரிய பெரிய கேம் பாதில இந்த நேக்கு கெடையாதுங்கறதுதான் நான் சொல்ல வர்றதே.

ஆடறது நின்டெண்டோவோட இப்பத்த மெஷின் ஸ்விட்ச்ல, கோயமுத்தூர்ல செகண்ட் ஹேண்டுல வாங்குனது. கூட ஆடறது எங்கக்கா பையன், ஆறாவது படிக்கறான், போன்ல சுடற கேம் ஆடியே வளந்த கை. உள்ள போன ஒடனே அவன் கேட்ட மொத கேள்வி, "மாமா, மேப் எங்கீங் மாமா?" மேப் இல்ல கண்ணுன்னேன். "அப்பறம் அம்புக்குறியாச்சும் வருமுங்களா, எங்க போறதுன்னு?" அதுவுமில்ல சாமின்னேன். என்னடா இது பாழடஞ்ச கேமுன்னு மூஞ்சிய பார்த்தாலே தெரிஞ்சுது. அந்தப் பையனே கொஞ்ச நேரத்துல வழி கேக்கறத வுட்டுப்போட்டான், அது எப்பிடின்னு யோசிச்சுத்தான் இத எழுதறேன்.

உலகத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி அரண்மன வாசல்ல வுட்டுருவாங்க. பீச் இளவரசியோட அரண்மன. சுத்தி அகழி, ஒரு பக்கம் அருவி, புல்லு, மரம். ஒரு எதிரி கெடையாது. இங்க எத்தன நேரம் வேணாலும் சும்மா குதிச்சுட்டு கெடக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. ஸ்டிக்க லேசா சாச்சா மாரியோ மெதுவா நடப்பான், முழுசா சாச்சா ஓடுவான், மரத்துல ஏறலாம், தண்ணில நீந்தலாம், மூணு தடவ தொடந்து குதிச்சா மூணாவது குதி நெம்ப ஒசரம் போகும். 1996-ல வீட்ல டிவி முன்னால உக்காந்து ஒரு ஆள முப்பரிமாணத்துல இந்த மாதிரி இஷ்டத்துக்கு ஓட்டறதுங்கறது பலருக்கு மொத அனுபவம், அதனால மொதல்ல வெளயாடிப் பழகட்டும், வேல அப்பறம் கொடுப்போம்னு வாசல்ல வுட்டுட்டாங்க. இந்த கேம உருவாக்குன ஷிகேரு மியாமோட்டோவும் அவங்க ஆளுகளும் கேம செய்யறப்பவே மொதல்ல மாரியோ நடமாட ஒரு சின்ன எடத்த கட்டி, ஒரு முயல வுட்டு அத தொரத்திப் புடிக்கறது சொகமா இருக்குதான்னுதான் பார்த்தாங்களாம். அந்த முயல் அப்பறமா அரண்மனைக்கு அடில இருக்கற தளத்துல நெசமாவே வருமுங்க, மிப்ஸ்னு பேரு, நின்டெண்டோ 64 மெஷினோட சிப்பு வகையோட பேருதான் அது.

அரண்மனைக்குள்ள போயி எடது பக்க கதவு. உள்ள செவுத்துல ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும், வெடிகுண்டு படம், அதுக்குள்ள குதிக்கோணும். படம் தண்ணி மாதிரி அலையடிக்கும், உள்ள இழுத்துரும். பையன் இதுக்கு மட்டும் நாலஞ்சு தடவ வெளிய வந்து உள்ள போனான்.

இனி உலகம். எறங்குன எடத்துல ஒரு ரோஸ் கலர் குண்டு நிக்குது, கிட்ட போனா பேசும், கறுப்பு குண்டுகளோட சண்ட நடக்குது, அவிங்க ராசா மலை மேல உக்காந்திருக்காருன்னு சொல்லும். அம்புட்டுத்தான் கத. மரப்பாலம் தாண்டுனா புல்லுத்தரை, கறுப்பு குண்டுக நடந்து வந்து பக்கத்துல வந்ததும் திரி புடிச்சு தொரத்தும், அத தூக்கி அதுக பக்கமே எறியலாம். மேல இருந்து தண்ணிக்குண்டு வேற வுழுகும், கீழ நெழலு தெரிஞ்சா ஒதுங்கிக்கோணும். அப்பிடியே ஒரு எடத்துல கட்டைல கட்டிப்போட்ட இரும்பு உருண்ட, பல்லக் காட்டிட்டு சங்கிலிய இழுத்துட்டு பாயும், செயின் சாம்ப். அதுக்கு பின்னால கம்பிக்கதவு, கதவுக்குள்ள ஸ்டாரு மினுக்கறது வெளிய இருந்தே தெரியும். தலைக்கு மேல நிமுந்து பார்த்தா ஆகாசத்துல ஒரு தீவு மெதந்துட்டு நிக்குது. இதெல்லாத்துக்கும் அந்தக் கடைசில மலை.

இந்த மலைதானுங்க இந்த உலகத்துக்கே மேப்பு. எங்க சுத்துனாலும், பள்ளத்துல எறங்கி இரும்பு உருண்ட உருளற எடத்துக்கு போனாலும், கொஞ்சம் மேல வந்து திரும்பிப் பார்த்தா மலை நிக்கும். அத வெச்சு நாம எங்க இருக்கறோம்னு தானா மனசுல பதிஞ்சுருது. பையன் பேசறதே மாறிப்போச்சு, "மலைக்கு இக்கட்டால போலாமுங் மாமா", "அந்த உருண்டைக்கு அக்கட்டால ஒரு மரம் இருக்குதுங்"னு ஊருக்குள்ள வழி சொல்ற மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டான். அம்புக்குறி பாத்துப் போற கேமுல இந்தப் பேச்சு வராது. அங்க எடம் மனசுல தங்காது, ஓரத்துல இருக்கற சின்ன வட்டத்தத்தான் பார்த்துட்டே ஓடுவோம், சுத்தி என்ன கட்டி வெச்சிருக்காங்கன்னே தெரியாது.

மலை உச்சிக்கு போறது எப்பிடின்னு பார்த்தா நம்ம பழனிதானுங்க எனக்கு ஞாபகம் வந்துது. படில போறவங்க இருக்காங்க, யானப் பாதைல போறவங்க இருக்காங்க, விஞ்சு, ரோப்காரு, அவங்கவங்க தெம்புக்கும் காசுக்கும் தகுந்த மாதிரி, ஆனா போயி சேர்றது ஒரே சந்நிதி. இங்கயும் அதே கதைதான். சுத்திச் சுத்தி போற பாதைல ஏறலாம், அதுல மேல இருந்து பெரிய இரும்பு உருண்டைக உருண்டு வரும், தப்பிச்சு தப்பிச்சு போகோணும். பாதையோரம் மலைல கொடஞ்ச சின்ன பொந்து இருக்குது, அதுக்குள்ள போயி அசையாம நின்னா மாரியோ மறஞ்சு மேல இருக்கற இன்னொரு பொந்துல வந்து நிப்பான், எங்கயும் போர்டு வெச்சு சொல்லல, சும்மா நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும். பீரங்கில உக்காந்து பறந்து போயும் வுழுகலாம். அப்பறமா றெக்க தொப்பி கெடச்சா ஆகாசத்துலயே சுத்தலாம். மொத தடவ போறப்ப நடபாதை மட்டுந்தான் தெரியும், போகப் போக மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணுல படும், அதே மலைதான்.

உச்சில மீசை வெச்ச குண்டு ராசா. பின்னால சுத்திப் போயி தூக்கி தரைல போடோணும், மூணு தடவ. பையன் அவசரத்துல மலைக்கு கீழயே தூக்கி வீசிப்போட்டான், ராசா ஒரே தாவுல மேல ஏறி வந்து இது ஆட்டத்துலயே சேத்தி இல்லன்னு திட்டிப்போட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கறாரு. கெரகம், எனக்கு சிரிப்பு தாங்கல.

ஸ்டார் எடுத்த ஒடனே வெளிய தூக்கி அரண்மனைல போட்டுரும். மறுக்கா உள்ள போறப்ப அதே எடம், ஆனா வேற வேல. இப்ப ஒரு ஆமை நிக்கறான், கூப்பா த குயிக், மலை உச்சில நட்ட கொடி வரைக்கும் ஓட்டப்பந்தயம் வர்றியாங்கறான். ராசாவத் தேடி பயந்து பயந்து ஏறுன அதே பாதைல இப்ப தலதெறிக்க ஓடோணும். பீரங்கில பறந்து போயி மொதல்ல நின்னா ஏமாத்துக்காரன்னு சொல்லி ஸ்டார் கொடுக்க மாட்டான். மூணாவது ஸ்டாரு அந்த மெதக்கற தீவுல, ரோஸ் குண்டுகிட்ட பேசுனா பீரங்கி வாய் தெறக்கும், குறி பார்த்து சுட்டுக்கோணும். நாலாவதுக்கு செவப்பு காசு 8, ஒலகம் பூரா எறச்சு வெச்சிருக்காங்க, அத பொறுக்கி முடிக்கறதுக்குள்ள எந்தக் கல்லு எங்க கெடக்குதுன்னு மனப்பாடம் ஆயிரும். அஞ்சாவதுக்கு றெக்க தொப்பி வேணும், அதுக்கு 10 ஸ்டார் சேத்துட்டு அரண்மன நடு ஹால்ல வெளிச்சம் வுழுகற எடத்துல நின்னு கேமராவ மேல திருப்பி அண்ணாந்து பாக்கோணும், அப்பிடியே இழுத்து வேற எடத்துக்கு தாட்டி வுட்டுரும், அங்க தரைல இருக்கற பொத்தான மிதிச்சுட்டு வந்தாத்தான் இங்க பொட்டில தொப்பி கெடைக்கும். வழி சொல்லி ஒரு எழுத்து கூட பெரிசா போடல, வெளிச்சத்த மட்டும் வுட்டு வெச்சிருக்காங்க.

ஆறாவதுதான் எனக்கு நெம்பப் புடிச்சது. மொத நாள்ல இருந்து பயந்து ஒதுங்கிப் போன அந்த செயின் சாம்ப், அது கட்டியிருக்கற கட்டை மேல ஏறி மேல இருந்து தொப்பு தொப்புன்னு மூணு தடவ குத்தி எறக்குனா கட்டை பூமில போயிரும், உருண்ட சங்கிலி அறுந்து சந்தோசத்துல குதிச்சு அந்த கம்பிக்கதவயே ஒடச்சுப்போட்டு ஓடிரும். ஸ்டார் நமக்கு, வுடுதலை அதுக்கு. பாருங்க, மொத நிமிசத்துலயே அந்த ஸ்டார கண்ணுல காட்டிட்டாங்க, தீவயும் காட்டிட்டாங்க, எப்பிடி எடுக்கறதுன்னு மட்டும் சொல்லல. எடுக்க முடியாத சாமான எல்லாம் கண்ணுக்கு முன்னால தொங்க வுட்டுட்டு, அந்த வெசனத்துலயே நம்மள திரும்பத் திரும்ப வரவெக்கறாங்க. எடம் ஒண்ணு பெருசில்ல, ஓடுனா சித்தநேரத்துல அந்தக் கடைசி இந்தக் கடைசி போயிரலாம். மொத்த கேமே 8 எம்பி கார்ட்ரிட்ஜ்ல அடங்கிருக்குது, இன்னைக்கு போன்ல எடுக்கற ஃபோட்டோ ரெண்டு மூணு சேந்தா அதத் தாண்டிரும்.

இன்னொண்ணு பல பேர் கவனிக்கறதில்ல. இந்த உலகத்துல கீழ வுழுந்து சாகற பாதாளம் கெடையாது. சுத்தியும் மேடும் செவுருமா அடச்சு வெச்சிருக்காங்க, மலைல இருந்து வழுக்குனா அடி படும், காசு பொறுக்குனா அதுவும் சரியாயிரும், மறுபடி ஏற வேண்டியதுதான். அடுத்த உலகம், வாம்ப்ஸ் ஃபோர்ட்ரெஸ், ஆகாசத்துல நிக்கற கோட்ட, அங்க ஓரத்துல கால் வழுக்குனா போச்சு. ஆக மொதல்ல சுத்தி கட்டி வுட்டு பழக்கி, ரெண்டாவதுல செவுர எடுத்துட்டாங்க.

சரி, கொறையும் சொல்லோணுமில்லீங்க. கேமரா. லாக்கிட்டுன்னு ஒருத்தன் மேகத்துல உக்காந்து கேமரா புடிச்சுட்டு பின்னால வர்றதா கத, நல்ல கற்பனதான், ஆனா செவுத்துப் பக்கம் போனா அவனுக்கே கண்ணு தெரியாது, மலைப்பாதைல வளைவுல திரும்பறப்ப எதிர்க்க வர்ற உருண்ட தெரியாம அடி வாங்குவீங்க. 1996-ல சரி, இப்ப ஆடறவங்களுக்கு கை கூசும். பீரங்கி குறியும் ஒரே ரோதன. அப்பறம் ஒவ்வொரு ஸ்டாருக்கும் வெளிய தூக்கிப் போடறது பையனுக்கு சுத்தமா புடிக்கல, "மறுபடியும் கதவு தெறந்து போகோணுமுங்களா"ன்னு மொனகறான், எனக்கு அது ஒரு இடைவெளி மாதிரி பரவால்லைன்னு தோணுது. 100 காசு சேத்தா வர்ற ஏழாவது ஸ்டார் வேணுங்கறவங்க எடுக்கட்டும், பொறும இல்லாதவங்க வுட்டுரலாம், ஒண்ணும் கொறஞ்சு போகாது. படம் பழசுதான், மரமெல்லாம் அட்டைல வெட்டி நட்ட மாதிரி நம்ம பக்கமே திரும்பும். பாட்டு மட்டும் கோஜி கோண்டோ போட்டது, இன்னமும் புதுசா இருக்குது, ரவைக்கு படுத்தா காதுல ஓடுது, எங்கக்கா சமையல் கட்டுல இருந்து முணுமுணுக்கற அளவுக்கு வந்துருச்சு.

2004-ல நின்டெண்டோவோட கைல புடிச்சு ஆடற மெஷின் டிஎஸ்ஸுக்கும் இது வந்துது, அதுல மாரியோவுக்கு பதிலா யோஷிய வெச்சுத்தான் ஆரம்பிக்கோணும், ஸ்டாரும் 150. மலை அதே மலைதான், ஆனா அந்த மெஷின்ல சாய்க்கற ஸ்டிக் கெடையாது, லேசா நடக்கறது வேகமா ஓடறதுங்கற அந்த சொகமே போயிரும், அதனால மொதல்ல அத ஆடாதீங்க.

தமிழ் எழுத்து எதுவும் இல்ல, எல்லாம் இங்கிலீசு, ஆனா வாசிக்கலீன்னாலும் ஆடலாம், சின்னக் கொழந்தைகளுக்கு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து போர்டு மட்டும் படிச்சுச் சொன்னாப் போதும். மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்னு 2020 செப்டம்பர்ல ஒரு கார்ட்ரிட்ஜ் வந்துது, அதுலயும் இது இருக்குது, ஆனா 2021 மார்ச்சோட விக்கறத நிறுத்திட்டாங்க, இப்ப செகண்ட் ஹேண்டுல தேடறதா இருந்தா வெலைய நல்லா விசாரிச்சு வாங்குங்க. இல்லைன்னா ஸ்விட்ச் ஆன்லைன் மெம்பர்ஷிப்ல ஆடலாம், நடுவுல எங்க வேணாலும் சேவ் பண்ணி வெச்சுக்கலாம்ங்கறது பள்ளிக்கூடத்துப் பசங்க இருக்கற வீட்டுக்கு சௌகரியம். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, சாதா மெம்பர்ஷிப்ல நின்டெண்டோ 64 கேமெல்லாம் வராது, எச்சாக் காசு கட்டற எக்ஸ்பான்ஷன் பேக்ல மட்டுந்தான் வரும், சாதாவ எடுத்துப்போட்டு அங்க தேடிட்டு உக்காந்திருக்காதீங்க.